கோடை மழை இரவில் ஓட்டு வீட்டை மொய்க்கும் கறுப்பு வண்டுகள்

தம்பி, நீங்கள் எழுதியதை ஒரு முறை சுருக்கிச் சொல்கிறேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து மாற்றலாகி வந்து, கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் மூன்று புறமும் ரப்பர் மரங்கள் நிற்கும் பழைய ஓட்டு வீடு ஒன்றில் குடியேறியிருக்கிறீர்கள். ஏப்ரல் நடுவில் ஒரு சாயங்காலம் இடியும் மின்னலுமாக முதல் கோடை மழை கொட்டியது. மழை விட்டு, இருட்டி, குழல்விளக்கைப் போட்ட அரை மணி நேரத்தில் அதைச் சுற்றிச் சிறிய கறுப்புப் பூச்சிகள் பறக்கத் தொடங்கின. எட்டு மணிக்குள் சுவரின் வெள்ளை தெரியவில்லை. சோற்றுத் தட்டில் விழுந்தன, பாயில் ஊர்ந்தன, தலைமுடிக்குள் புகுந்தன. கடையில் வாங்கிய பூச்சி மருந்தை ஒரு டப்பா முழுக்க அடித்தீர்கள். செத்து விழுந்ததைக் கூட்டித் தள்ளுவதற்குள் அதே அளவு மறுபடியும் வந்து சேர்ந்தது. விடிந்து பார்த்தால் பறப்பது ஒன்றுகூட இல்லை; எல்லாம் ஓட்டுக்கும் அதைத் தாங்குகிற மரப் பட்டியலுக்கும் நடுவில் கொத்துக் கொத்தாக அடைந்து கிடக்கின்றன. மகளின் கழுத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சிவந்து எரிகிறது. இது என்ன பூச்சி, விஷமா, வீட்டைக் காலி செய்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

காலி செய்ய வேண்டாம். இது முப்ளி வண்டு. கடிக்காது, கொட்டாது, நோய் பரப்பாது. உங்கள் அரிசியையோ துணியையோ கூரை மரத்தையோ தின்னாது. நசுங்கும்போது அதன் உடம்பிலிருந்து கசியும் நீர்தான் தோலை எரிக்கும். அதற்கு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஆனால் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் சில மழை மாலைகளில் உங்கள் வீட்டு விளக்கு எரிகிறதா, அணைந்திருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த டிசம்பர் வரை உங்கள் கூரையில் எத்தனை வண்டு இருக்கும் என்பது அமையும். அதனால் இதைத் தள்ளிப்போடாமல் உடனே எழுதுகிறேன்.

நான் அருமனைப் பக்கத்தில் இதே போன்ற ஓட்டு வீட்டில் பிறந்து வளர்ந்தவன். பிறகு விலங்கியல் படித்து, பல ஆண்டுகள் அதையே பிள்ளைகளுக்கு நடத்தினேன். ஆகவே இந்த வண்டை இரண்டு விதமாகவும் தெரியும்: போர்வைக்குள் புகுந்த தொல்லையாகவும், கண்ணாடிக் குப்பிக்குள் வைத்துப் பார்த்த உயிராகவும்.

முதலில் நீங்களும் ஒன்றைப் பிடித்து உறுதி செய்துகொள்ளுங்கள். வெறுங்கையால் வேண்டாம். ஒரு கண்ணாடித் தம்ளரை அதன்மேல் கவிழ்த்து, அடியில் ஒரு கெட்டித் தாளைச் செருகி எடுங்கள். நீளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் இருக்கும். ஒரு நெல்மணி நீளம், அதைவிடக் கொஞ்சம் பருமன். பெரும்பாலானவை நல்ல கறுப்பு. நடுநடுவே காப்பி நிறத்தில் வெளிறிய சில இருக்கலாம். அவை வேறு இனம் இல்லை, கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்து அதிக நாளாகாத இளம் வண்டுகள். முதுகில் இரண்டு கெட்டியான மூடிகள் நடுவில் நேர்கோட்டில் பொருந்தியிருக்கும். பறக்கிற சிறகு அதற்கடியில் மடிந்து கிடக்கும். உணர்கொம்புகள் சிறு மணிகளைக் கோத்தது போல இருக்கும். இப்போது தம்ளரை இரண்டு தடவை குலுக்கி, லேசாகத் திறந்து, சற்றுத் தள்ளி முகர்ந்து பாருங்கள். மூக்கில் ஏறுகிற காரமான ஒரு வாடை, கிருமிநாசினி ஊற்றிக் கழுவிய தரையை நினைவூட்டும். அந்த வாடை வந்தால் சந்தேகமே வேண்டாம்.

இப்படிப் பார்த்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம், முதல் கோடை மழைக்கு விளக்கைத் தேடி வருவது இது ஒன்று மட்டுமே இல்லை. நம் ஊர்களில் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஈசல். ஈசலுக்கு உடம்பைவிட நீளமான நான்கு மெல்லிய சிறகுகள் உண்டு. விளக்கடியில் விழுந்ததும் அவற்றை உதிர்த்துவிட்டு ஊர்ந்து போகும். காலையில் வாசலில் சிறகுகள் குவிந்து கிடந்தால் அது ஈசல். ஒரே இரவோடு கதை முடிந்துவிடும். உங்கள் மதுரைப் பக்கத்து நிலக்கடலை விவசாயிகளைக் கேட்டால் இன்னொரு வண்டைச் சொல்வார்கள். பழுப்பு நிறம், இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது. முதல் மழைக்கு மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வந்து வேப்பமரத்தில் மொய்த்து இலை தின்னும். கடலையின் வேரைக் கடித்துச் செடியைக் காய வைக்கிற வெள்ளை வேர்ப்புழுவின் தாய் தகப்பன் அதுதான். நெல், அரிசிக் கிடங்குகளுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களை வாட்டுவது அரிசி வண்டும் மாவு வண்டும். அவை இதைவிட மிகச் சிறியவை.

ஆனால் ஒரு பூச்சியை மட்டும் நன்றாகப் பிரித்து அறிந்துகொள்ளுங்கள். ஒல்லியான, நீண்ட உடம்பு. பார்வைக்கு எறும்பு போல இருக்கும். செம்மஞ்சளும் கறுப்பும் மாறி மாறிப் பட்டை போட்டிருக்கும். சிறகு மூடி மிகவும் குட்டையாக இருப்பதால் வயிற்றுப் பகுதி வெளியே தெரியும். ஓடும்போது வாலை மேலே தூக்கும். வயல்வெளிக்குப் பக்கத்து வீடுகளில் மழைக்காலத்தில் விளக்குக்கு வரும். அதுவும் கடிக்காது. ஆனால் அது தோலில் நசுங்கினால் அதன் உடம்பிலிருக்கிற பெடரின் என்ற நஞ்சு, ஒரு நாள் கழித்துக் கோடு இழுத்தாற்போல் தீக்கொப்புளம் கிளப்பும். கண்ணில் பட்டால் வீங்கிவிடும். முப்ளி வண்டின் எரிச்சல் அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. மகளின் கழுத்தில் வந்தது உடனே எரிந்து, இரண்டொரு நாளில் காய்ந்து, பழுப்புக் கறையாக மாறியிருந்தால் அது முப்ளி வண்டுதான். நேரம் கழித்து நீர்க்கொப்புளமாக எழுந்திருந்தால், காத்திராமல் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இனி வண்டின் கதைக்கு வருகிறேன். இதைத் தெரிந்துகொண்டால்தான் என்ன செய்வது என்பது தானாகப் புரியும்.

முப்ளி என்பது கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்தில் ரப்பர் தோட்டம் இருக்கும் ஓர் இடம். இந்த வண்டு பெருங்கூட்டமாக வருவது அங்கே முதலில் கவனிக்கப்பட்டதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கேரளத்தில் கோட்டெரும என்றும் சொல்வார்கள். அறிவியல் பெயர் லூப்ராப்ஸ் டிரிஸ்டிஸ். டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரீசியஸ் என்ற பூச்சியியலாளர் 1801-லேயே இதற்குப் பெயரிட்டுவிட்டார். இந்த ஆண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். கேரளத்தில் வணிக முறையில் ரப்பர் நடப்பட்டது 1902-இல், பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில். அதாவது பிரேசில் நாட்டு மரம் இந்த மலைச்சரிவில் தோட்டமாக ஏறுவதற்கு நூறு ஆண்டு முன்பே அறிவியல் இந்த வண்டை அறிந்திருந்தது. காட்டுச் சருகை மென்றுகொண்டு, யார் கண்ணிலும் பெரிதாகப் படாமல் வாழ்ந்திருக்க வேண்டிய உயிர். அதன் எதிரே நாம் ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒரே வகை மரத்தை நட்டு, எல்லாம் ஒரே பருவத்தில் இலை உதிர்க்கும்படி வைத்தோம். பந்தி போட்டு அழைத்தது நாம்தான். வண்டின் மேல் எனக்குக் கோபம் வராததற்கு இதுவே காரணம்.

ரப்பர் மரம் இலை உதிர்ப்பதை நீங்கள் இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள். டிசம்பரில் பச்சை மங்கி, ஜனவரியில் தோட்டமே செம்பழுப்பாகி, சில நாட்களுக்குள் மரம் மொட்டையாகும். தரையில் கணுக்கால் புதைகிற சருகு. காலை வைத்தால் அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம். பிறகு கொழுந்து விடும். அந்தக் கொழுந்திலும் ஒரு பகுதி உதிரும். வாடி விழுந்த இந்த இளம் இலைதான் முப்ளி வண்டுக்கு மிகவும் பிடித்த தீனி. வண்டுகள் அந்த நேரத்தில் தோட்டத்துக்குத் திரும்பி, சருகுக்கடியில் தின்று, கூடி, முட்டையிடுகின்றன. புழுவும் அதே சருகைத் தின்று வளர்ந்து, அங்கேயே கூட்டுப்புழுவாகி, கோடை முற்றுவதற்குள் புதிய வண்டுகளாக வெளிவருகிறது. ஆண்டுக்கு ஒரே தலைமுறை. பிப்ரவரி, மார்ச்சில் தோட்டத்துக்குள் போய்ச் சருகை ஒரு குச்சியால் கிளறினால், கலைந்து ஓடுகிற கூட்டத்தைப் பார்க்கலாம். வெளிச்சம் படாத பக்கமாகத்தான் ஓடும். ரப்பர் பால் எடுக்கப் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் அந்த மாதங்களிலேயே சொல்லிவிடுவார்கள், இந்த வருஷம் வண்டு கூடுதலா குறைவா என்று.

ஏப்ரலில் முதல் மழை. சருகு நனைகிறது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் இந்தச் சரிவில் தரை மாதக்கணக்கில் ஈரம் காயாது. உலர்ந்த சருகில் வாழ்கிற வண்டுக்கு அதற்குள் ஒதுங்க இடம் வேண்டும். காய்ந்த, இருண்ட, நெருக்கிக்கொண்டு அடைய இடுக்குகள் நிறைந்த ஓர் இடம். நம் ஓட்டுக்கூரையைவிட அதற்குப் பொருத்தமான இடம் இந்த மலைச்சரிவில் வேறு என்ன இருக்கிறது? அங்கே போய் அடைந்ததும் அவை தின்பதை நிறுத்திவிடுகின்றன, இனப்பெருக்கமும் இல்லை. ஏறத்தாழ ஒன்பது மாத உறக்கம். மறுபடி இலை உதிரும்போதுதான் விழிப்பு. கோழிக்கோட்டில் தேவகிரி கல்லூரியைச் சேர்ந்த சாபு கே. தாமஸும் அவருடைய மாணவர்களும் இந்த வண்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். ஒரே கட்டடத்தில் 5 லட்சத்திலிருந்து 40 லட்சத்துக்கும் மேல் வண்டுகள் அடைவதாக அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நீங்கள் “ஆயிரக்கணக்கில்” என்று எழுதியிருந்தீர்கள். முதல் மாலையில் வந்தது முன்வரிசை மட்டும்தான். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, இப்போதே செயல்பட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, இருட்டைத் தேடிப் போகிற வண்டு விளக்கடிக்கு ஏன் வருகிறது? நியாயமான கேள்வி. பறக்கும்போது ஒரு குணம், அடையும்போது வேறு குணம். பறக்கிற பூச்சிகள் விளக்கை ஏன் சுற்றுகின்றன என்பதற்கு 2024-இன் தொடக்கத்தில் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு நல்ல விளக்கம் ஒன்றைத் தந்தது. அதிவேகக் கேமராக்களில் படமெடுத்துப் பார்த்தார்கள். இரவிலும் வானம் தரையைவிடக் கொஞ்சம் வெளிச்சமானது. பூச்சி தன் முதுகை எப்போதும் வெளிச்சமான பக்கத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டு பறக்கிறது. எது மேல், எது கீழ் என்று அதற்கு அப்படித்தான் தெரிகிறது. பக்கத்தில் ஒரு விளக்கு வந்துவிட்டால் அதை வானம் என்று எடுத்துக்கொண்டு முதுகை அதன் பக்கம் சாய்க்கிறது. சாய்ந்ததும் பாதை வளைகிறது. வளைந்து வளைந்து சுற்றிக்கொண்டே மாட்டிக்கொள்கிறது. ஆசைப்பட்டு வருவதைவிட வழிதவறிச் சிக்குவது என்றே இதைச் சொல்ல வேண்டும். எல்லாப் பூச்சிக்கும் இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விளக்கை அணைத்தால் அந்தச் சுழல் அறுந்துவிடுவதை உங்கள் கண்ணாலேயே இன்றைக்குப் பார்த்துவிடலாம்.

என் பாட்டிக்கு இந்த ஆய்வு எதுவும் தெரியாது. ஆனால் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தார். சித்திரை பிறந்துவிட்டால் சாயங்காலம் மேற்கே மேகம் இருண்டதுமே எங்கள் வீட்டில் சமையல் முடிந்துவிடும். ஆறரைக்குள் எல்லோரும் சாப்பிட்டாக வேண்டும். மழை விட்டதும் வீட்டிலிருக்கும் ஒவ்வொரு விளக்கையும் அணைக்கச் சொல்வார். முற்றத்தின் கடைசியில், தோட்டத்தைப் பார்த்த பக்கமாகக் கிடக்கும் பழைய ஆட்டுரலின் மேல் ஓர் அரிக்கன் விளக்கு. அதன் கீழே அகலமான அலுமினியச் சருவத்தில் தண்ணீர், அதில் துணி சோப்பைக் கரைத்த நுரை. நாங்கள் திண்ணையில் இருட்டில் உட்கார்ந்திருப்போம். முதலில் ஒன்றிரண்டு, டப் டப் என்று விளக்குக் கண்ணாடியில் மோதும். பிறகு எண்ண முடியாது. ஓலைக்கூரையில் தூறல் விழுகிறது போல ஒரு சீரான ஓசை. அரிக்கன் வெளிச்சமே கறுத்துப்போய் ஆடும். ஒன்றரை மணி நேரம் இருக்கும். பிறகு அந்த ஓசை மெல்லக் குறைந்து நின்றுவிடும். காலையில் பாட்டி அந்தச் சருவத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்த் தென்னை மூட்டுக் குழியில் கவிழ்ப்பார். ஒரு நாளைக்கு ஒரு சருவம். பக்கத்து வீட்டில் அப்போது புதிதாகக் குழல்விளக்குப் போட்டிருந்தார்கள். அந்த ஆண்டு வண்டு எல்லாம் அங்கேதான் போனது. அதை நினைத்து அவர் வருத்தப்பட்டதும், மறுநாள் அவர்களிடம் போய் விளக்கை அணைக்கச் சொல்லி விளக்கியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நான் உங்களுக்குச் சொல்வதும் அதையேதான், கொஞ்சம் மாற்றங்களோடு. மழை பெய்த மாலைகளில், இருட்டத் தொடங்கியதிலிருந்து இரண்டு மணி நேரம் வெளி விளக்கு, திண்ணை விளக்கு, சன்னல் வழியாக வெளியே தெரிகிற விளக்கு எதையும் போடாதீர்கள். சமையலை முன்னதாக முடியுங்கள். கண்டிப்பாக வெளிச்சம் வேண்டுமென்றால் உள்ளறை ஒன்றில் சன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டு, வெள்ளைக் குழல்விளக்குக்குப் பதில் மஞ்சள் நிற எல்.இ.டி. பல்பு போடுங்கள். பூச்சிகளின் கண்ணுக்கு நீலமும் புற ஊதாவும் கலந்த வெள்ளை வெளிச்சம்தான் அதிகம் தெரியும். மஞ்சளுக்கு வருகிறவை குறைவு. மகள் படிக்க வேண்டும் என்றால் அந்த அறைக் கதவின் அடியில் ஈரத்துணியைச் சுருட்டி அடையுங்கள்.

வீட்டிலிருந்து முப்பது நாற்பது அடி தள்ளி, தோட்டத்தின் பக்கமாக ஒரு வெள்ளைப் பல்பைத் தொங்கவிட்டு, அதன் கீழே அகலமான தொட்டியில் சோப்புத் தண்ணீர் வையுங்கள். சோப்பு அவசியம், வெறும் தண்ணீரில் வண்டு மிதந்து, நீந்தி, விளிம்பில் ஏறிவிடும். சோப்பு நீரின் மேற்பரப்பு அதைத் தாங்காது, மூழ்கிவிடும். மழையில் நனைந்து மின்சாரம் கசியாதபடி, முறையாக மூடிய வெளிப்புறப் பல்பு மாட்டியாகவே இருக்கட்டும். ஒன்பது மணிக்கு மேல் அதையும் அணைத்துவிடலாம். விளக்கை வீட்டுச் சுவரிலேயே மாட்டித் தொட்டியைக் கீழே வைத்துவிட்டு, பயனே இல்லை என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். சுவரில் மாட்டினால் பாதி தொட்டியில் விழும், மீதி உங்கள் கூரையில் ஏறும். தூரம் முக்கியம்.

இதனால் வரவு முழுவதும் நின்றுவிடும் என்று உறுதி சொல்ல மாட்டேன். தோட்டத்தை ஒட்டிய ஓட்டு வீட்டுக்கு விளக்கே இல்லாமலும் கொஞ்சம் வரும். ஆனால் கூரை பாரத்தோடு தொங்குகிற நிலைக்குப் போகாது. பக்கத்து வீடுகளிலும் பேசுங்கள். ஒரு தெருவே சேர்ந்து அணைத்தால் பலன் பல மடங்கு.

இப்போது ஏற்கெனவே உள்ளே வந்தவை. இவற்றைக் கையாள்வதில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். கூட்டத்தின் மேல் மருந்து அடிக்க வேண்டாம். அடித்தால் சாகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு கொத்து கலைந்தால் பத்தாயிரம் வண்டு உங்கள் கட்டிலின் மேல் கொட்டும். கொட்டுகிற ஒவ்வொன்றும் அந்தக் காரமான நீரைக் கசியவிடும். செத்தவை இடுக்கில் அழுகி வாடை வீசும். குழந்தை படுக்கிற அறையில் அந்த மருந்தின் ஆவியையும் எல்லோரும் சேர்ந்து சுவாசிக்க வேண்டியிருக்கும். ஓலைச் சூட்டுக் கட்டி நெருப்பு காட்டுகிறவர்களும் மண்ணெண்ணெய் பீய்ச்சுகிறவர்களும் உண்டு. பழைய தேக்கும் ஆஞ்சிலியும் வைத்த கூரை அது தம்பி. ஒரு பொறி போதும். தயவு செய்து இதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

கைக்கு எட்டுகிற இடத்தில் அடைந்தவற்றைப் பகலில், அவை அசையாமல் இருக்கும்போது எடுங்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, தலையில் துண்டு, கண்ணுக்குக் கண்ணாடி. சோப்புத் தண்ணீர் வாளியைக் கொத்துக்கு நேர் கீழே பிடித்து, ஈரமாக்கிய வாரியலால் (துடைப்பத்தால்) மெதுவாக உள்ளே தள்ளுங்கள். உலர்ந்த வாரியலால் அடித்தால் சிதறும். படம், நாள்காட்டி, அலமாரியின் பின்புறம், கதவின் மேல்சட்டம், மடித்து வைத்த பாய் ஆகிய இடங்களை மறக்காமல் பாருங்கள். எட்டாத உயரத்தில் இருப்பதை விட்டுவிடுங்கள். உறங்குகிறவை அவை, தொந்தரவு செய்யாவிட்டால் பெரும்பாலும் அப்படியே இருக்கும். நல்ல வெயிலில் ஓடு காயும்போது சில உதிரும். அதற்குப் பழைய ஏற்பாடு ஒன்று போதும்: படுக்கைக்கும் அடுப்புக்கும் மேலே, ஓட்டுக்கு இரண்டடி கீழே, வெள்ளைத் துணியை மேற்கட்டியாக இழுத்துக் கட்டுங்கள். வாரம் ஒருமுறை ஒரு பக்கக் கயிற்றை அவிழ்த்து, விழுந்ததை வாளிக்குள் சரித்துக் கொட்டலாம். இரவில் கொசுவலை. கிணற்றுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் வலை மூடி. வண்டு விழுந்த சோற்றையோ குழம்பையோ, அதை எடுத்துவிட்டுச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்த நீரின் காரம் உணவில் இறங்கிவிடும், கொட்டிவிடுங்கள்.

மகளின் கழுத்துக்கு வருகிறேன். இந்தக் குடும்பத்து வண்டுகளின் வயிற்றில் இருக்கிற சுரப்பிகளில் குயினோன், பீனால் வகை வேதிப்பொருள்கள் இருக்கின்றன. பயந்தாலோ நசுங்கினாலோ கசியும். பறவையும் பல்லியும் எளிதில் நெருங்காமல் இருக்க அது வைத்திருக்கிற காவல். தோலில் பட்டால் எரியும், சிவக்கும், சிலருக்குக் கொப்புளமும் வரும். பிறகு அந்த இடம் மருதாணி தேய்த்தது போலப் பழுப்பாகிச் சில நாட்களில் உரிந்து போய்விடும். பட்டவுடன் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். தேய்க்கவோ சொறியவோ விடாதீர்கள். குழந்தைகளிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது, மேலே ஊர்ந்தால் அடிக்காதே, ஊதிவிடு அல்லது துணியால் தட்டிவிடு என்பதுதான். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரைக் கால் மணி நேரம் ஊற்றிக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

காதுக்குள் போவது எப்போதாவது நடக்கும். உள்ளே அது கால்களை அசைக்கும்போது வலியும் இரைச்சலும் தாங்காது, குழந்தை கதறிவிடும். ஊக்கு, தீக்குச்சி, பஞ்சுக்குச்சி எதையும் விடாதீர்கள். வண்டு இன்னும் உள்ளே போகும், செவிப்பறை கிழியும். காதை மேலே பார்க்கச் சாய்த்துப் படுக்க வைத்து, உடம்புச் சூட்டில் இருக்கிற தேங்காயெண்ணெய் சில சொட்டு விடுங்கள். வண்டு அசைவை நிறுத்திவிடும். எண்ணெயோடு மிதந்து வெளியே வந்தாலும் வரும். வராவிட்டால் மருத்துவமனையில் எடுத்துவிடுவார்கள். ஏற்கெனவே காதில் சீழ் வடிகிறவர்களுக்கும், செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்களுக்கும் எண்ணெய் விடக்கூடாது. நேராக மருத்துவரிடம்தான் போக வேண்டும். இரவில் குழந்தைகளுக்குக் காதை மூடித் தலையில் ஒரு துணி கட்டிப் படுக்க வைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். மகளுக்கும் கட்டிவிடுங்கள்.

தோட்டத்துச் சருகை எல்லாம் அள்ளி எரித்துவிட்டால் வண்டே இருக்காதே என்று யாராவது சொல்வார்கள். தோட்டம் உங்களுடையது இல்லை என்பது ஒரு பக்கம். அந்தச் சருகுதான் சரிவில் மண் அரிக்காமல் காக்கிறது, ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, மட்கி அதே மரத்துக்கு உரமாகிறது. மார்ச் மாத வெயிலில் அதற்குத் தீ வைத்தால் மரப்பட்டை வெந்து பால் வற்றிப்போகும். வீட்டுக்காரரும் தோட்டத்துக்காரரும் ஒத்துக்கொண்டால், வீட்டைச் சுற்றிச் சில கஜ தூரத்துக்கு மட்டும் பிப்ரவரி, மார்ச்சில் சருகை வாரித் தோட்டத்துக்கு உள்பக்கமாகத் தள்ளிக் குவிக்கலாம். அது யாருக்கும் நஷ்டமில்லை. மரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டுகிற முசுறு எறும்பு இந்த வண்டைப் பிடித்துத் தின்னும் என்று மேலே சொன்ன தேவகிரி கல்லூரிக் குழுவினர் கண்டிருக்கிறார்கள். வாடையைப் பொருட்படுத்தாத எதிரி ஒன்று இருக்கிறது என்பது எனக்கு மகிழ்ச்சி தந்த செய்தி. ஆனால் பால்வெட்டுகிறவர்களை அது கடித்துக் குதறிவிடும் என்பதால் தோட்டங்களில் அதைக் கண்டாலே கூட்டைக் கலைத்துவிடுகிறார்கள். உங்கள் வாசல் மாமரத்தில் முசுறுக் கூடு இருந்தால் நீங்களாவது கலைக்காமல் விடுங்கள்.

மழை வலுத்து, ஜூன் பிறந்துவிட்டால் புதிதாக வருவது நின்றுபோகும். வந்தவை உறங்கிக்கொண்டிருக்கும். வெளியே போவதை நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள். டிசம்பர் கடைசியில் ஒரு நாள் ஓட்டைத் தட்டிப் பார்த்தால் காலியாக இருக்கும். அந்த நேரத்தை வீணாக்கிவிடாதீர்கள். ஜனவரியில் ஓர் ஓட்டு வேலைக்காரரைக் கூப்பிட்டு உடைந்த ஓடுகளை மாற்றி, சுவரும் கூரையும் சேர்கிற இடுக்குகளைச் சாந்து வைத்துப் பூசச் சொல்லுங்கள். சன்னல்களுக்குக் கொசுவலை அடியுங்கள்; இந்த வண்டு அதன் கண்ணுக்குள் நுழையாது. இடுக்குகளில் செத்துக் கிடப்பவற்றையும் அப்போதே கூட்டி எடுத்துவிடுங்கள், மூக்கில் துணி கட்டிக்கொண்டு. வீட்டுக்காரர் செலவைப் பங்கிட மறுத்தாலும், படுக்கையறைக்கு மேல் மட்டுமாவது முடித்துவிடுங்கள். முதல் கோடை மழைக்கு முன் அந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.